தூருக்கு இரண்டு பேர்

1

போன வாரம் எங்கள் தோட்டத்து ஜீப்பில் இரண்டு குடும்பங்கள் வந்து இறங்கின. நான் ஸ்டோர் வாசலில் ஏலக்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். ஜீப்பிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அடுத்து வாய் தைத்த சாக்கு ஒன்று. கடைசியில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் இறங்கி, தலைத்துணியை அவிழ்த்துக் குழந்தையின் காதை மூடிவிட்டு, குறிப்பாக யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"தேத்தண்ணி வைக்க எங்கங்க தண்ணி எடுக்கிறது?"

தேத்தண்ணி என்ற சொல் காதில் விழுந்ததும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இந்த ஊரில் எல்லோரும் குடிப்பது சாயா. தேத்தண்ணி குடிக்கிறவர்கள் கடல் தாண்டி வந்த நாங்கள் மட்டும்தான். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். பதுளைப் பக்கம் என்றாள். பெயர் ராணி. எனக்கு அட்டன் பக்கம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை மலை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்து லயத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்தது போல அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் அடுப்பு மூட்டும்வரைகூட நிற்கவில்லை. எங்களை வேலை வாங்குகிற சுருளிக் கங்காணி வந்தார். கங்காணி என்றால் நம் பக்கத்துக் கங்காணி மாதிரியேதான். அதே குடை, கக்கத்தில் அதே கணக்குப் புத்தகம். ஆள் மட்டும் கம்பத்துக்காரர்.

"பாக்கியம், உங்க ஆளுக வந்துட்டாக போல. திங்கக்கிழமையிலருந்து அவுகளுக்குத் தனி பெரட்டு. தனி செட்டு. மேனேஜர் சொல்லிட்டாரு. நீ எதுவும் கிளப்பி விட்டுறாத. இந்த மாசம் உன் பேரு நிரந்தரத்துல ஏறுது, ஞாபகம் இருக்கட்டும்."

காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தனி பெரட்டு என்றால் என்னவென்று மட்டும் சொல்ல வேண்டும். அதைப் பட்டவள் நான்.

2

அட்டனில் நம் மாத இதழை நடத்துகிற தம்பி, "அக்கா, அங்கே எப்படி இருக்கிறது, வரலாமா வேண்டாமா என்று சனங்கள் கேட்கிறார்கள், எழுதுங்கள்" என்று பல தடவை சொல்லி அனுப்பிவிட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த கை. மழைக்கு முந்தி அரைகுறையாகப் பறித்த கொழுந்து மாதிரிதான் என் எழுத்து இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருந்தவரை நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள். கோபம் வந்தால் கள்ளத்தோணி. என் அப்பா அந்த மலையிலேயே பிறந்து அந்த மலையிலேயே செத்தவர். தோணியை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பாண் ரொட்டிக்கு விடியவிடிய வரிசையில் நின்று பிள்ளைகள் வயிறு ஒட்டிப்போன அந்தக் காலத்தில், சரி, சொந்த ஊருக்கே போய்விடலாம் என்று கப்பல் ஏறினோம். ராமேஸ்வரத்தில் இறங்கினதும் எங்கள் பெயர் மாறிவிட்டது. காகிதத்தில் "தாயகம் திரும்பியோர்", கடைவீதியில் "சிலோன் அகதி". மலை ஏறிக் கேரளாவுக்குள் வந்தால் போடிக்காரர், சிலோன்காரர் என்றெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லோரும் "பாண்டி". நான் ஒருத்திதான், பெயர்தான் ஊருக்கு ஒன்றாக வருகிறது. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒரு நாள் முடிவு கட்டினேன். பாக்கியம் என்று கூப்பிட்டால் திரும்புவேன்.

காகிதத்துக்கு அலைந்த கதையைச் சொன்னால் இதழே போதாது. முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் எங்களுக்கு ஒதுக்கிய ஊர் திருச்சிப் பக்கம். அங்கே தொழில் வைத்துப் பிழைக்கச் சொன்னார்கள். கொழுந்து பறிக்கிற கைக்கு அங்கே என்ன தொழில்? வெயிலில் வதங்கிவிட்டு, மலை இருக்கிற இடமாகப் பார்த்துப் போவோம் என்று புறப்பட்டோம். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தாயின் வேலை மகளுக்குப் போகிறது, புது ஆளுக்கு இடமில்லை. கடைசியில் சாந்தன்பாறைக்கு மேலே இந்த ஏலத்தோட்டத்தில் ஒதுங்கினோம். ரேஷன் கார்டுக்கு வில்லேஜ் ஆபீசுக்குப் போனால், திருச்சியிலிருந்து பெயர் நீக்கிய காகிதம் வேண்டும் என்றார்கள். திருச்சிக்கு ஆளனுப்பிக் கேட்டால், கேரளாவில் பெயர் சேர்த்த காகிதம் வந்தால்தான் நீக்க முடியும் என்றார்கள். அதில் எது முட்டை, எது கோழி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

3

இனி ஏலக்காய். தேயிலை தெரிந்தவனுக்கு ஏலக்காய் பெரிய வித்தையா என்று நினைத்துத்தான் நாங்களும் வந்தோம்.

தேயிலையில் நாம் நின்று பறிப்போம். கூடை முதுகில், கயிறு நெற்றியில், கண் எதிரே வானம். ஏலக்காய் அப்படி இல்லை. செடி தலைக்கு மேலே ஓங்கி நிற்கும், காய் மட்டும் தூரில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகப் படுத்துக் கிடக்கும். ஈரச் சருகில் குத்தவைத்து, இருட்டுக்குள் கையை விட்டு, விளைந்த காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். பிஞ்சு வந்தால் கங்காணி கத்துவார். விளைந்ததை விட்டுவிட்டால் அது வெடித்துப்போகும், அதற்கும் கத்துவார். அட்டை காலில் ஏறுவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

முதல் நாள் எங்களைப் போடிப் பக்கத்துப் பெண்களோடு கலந்துதான் மலைக்கு அனுப்பினார்கள். என் நாத்தனார் லெட்சுமி ஒரு தூரில் உட்கார்ந்தாள். பேச்சியம்மாள் என்கிற போடிக்காரி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அதே தூரின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். லெட்சுமிக்கு வந்ததே கோபம்!

"இந்தாங்க, இது என் நெரை. எந்திரிங்க. என் நெரையில கை வைக்காதீங்க."

நமக்கு நிரை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையில் ஒருத்தி பிடித்த செடி வரிசை அன்றைக்கு அவளுடைய சொத்து. அதில் இன்னொருத்தி கொழுந்து கிள்ளினால் அது திருட்டு. நம் லயங்களில் பாதிச் சண்டை அதில்தான் ஆரம்பிக்கும். லெட்சுமி அந்த நினைப்பில் பேச்சியம்மாளின் கூடையை எடுத்து அப்பால் வைத்தாள். அதைப் பார்த்து எங்களில் மற்றவர்களும் எதிரே வந்து உட்கார்ந்தவர்களை விரட்டினோம். எங்கள் நியாயப்படி நாங்கள் செய்தது சரி.

அவர்கள் நியாயம் வேறு. இங்கே தூருக்கு இரண்டு பேர். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி எதிர்ப்பக்கம். இந்தக் காட்டில் காய் எடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து அப்படித்தான். எதிரே உட்கார மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அதற்கு இந்த மலையில் ஒரே அர்த்தம்தான்: உன் சாதி எனக்கு ஆகாது. கூடையை எடுத்து வைத்தது அதைவிட மோசம். அன்று மாலையே பெண்கள் எல்லோரும் கங்காணியிடம் போய், "சிலோன்காரிகளோட எங்களால உக்கார முடியாது, அவளுகளுக்கு ரொம்பத் திமிரு, கெப்புரு" என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு ஒருவரும் எதையும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மறுநாளே எங்களுக்குத் தனி பெரட்டு, தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில். பெயர் கப்பல் செட்டு. தனி செட்டுக்குத் தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் எல்லோரும் தற்காலிகம். கம்பளி கிடையாது, மருந்து கிடையாது, காய் இல்லாத மாதம் வேலை கிடையாது. செங்குத்தான கிழக்குச் சரிவு எங்கள் தலையில் விழுந்தது. நடந்தது ஒரு நிரைத் தகராறு, அதில் லாபம் பார்த்தது ஆபீஸ். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

4

பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், நம்மவர்களாக இல்லை. என் மகள் கலாவுக்கு இப்போது பதினாலு வயது. மலையாளத்தில் கணக்குப் போடுகிறாள், மலையாளத்தில் கனவும் காண்கிறாள் போலிருக்கிறது, தூக்கத்தில் பேசுவது எனக்குப் புரிவதில்லை. பூப்பாறைக் கடையில் நான் பழைய ஞாபகத்தில் பாண் இருக்கா என்று கேட்டுவிட்டால், பக்கத்தில் நிற்கிறவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் ஊர் எது என்று கேட்டதற்குப் போடி என்று சொல்லியிருக்கிறாள். போடியை அவள் பார்த்ததே கிடையாது. வாத்தியார் அதையே எழுதிவிட்டார்.

நான் அடிக்கவில்லை. திட்டினேன். "பிறந்த மண்ணைச் சொல்ல ஒனக்கு என்னா வெக்கம்?" என்றேன். "அந்த மண்ணுதானே நம்மள போன்னு சொல்லிச்சு" என்றாள். சோறு போட்டேன், சாப்பிட்டாள்.

5

கப்பல் செட்டாக ஒரு மழைக்காலம் முழுக்கக் கிழக்குச் சரிவில் கிடந்தோம். ஆளுக்கொரு தூர். ஒருத்தி இருக்கிற இடம் இன்னொருத்திக்குத் தெரியாது. நம் பழக்கம் அது, நமக்கு அது தப்பாகவே படவில்லை.

அப்படி ஒரு நாள் லெட்சுமி கத்தினாள். பச்சை விரியன். செடியின் தட்டையும் பச்சை, பாம்பும் பச்சை, எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. புறங்கையில் கொத்திவிட்டது. நான் போய்ச் சேருவதற்குள் கை வீங்கத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கூட்டமாக நின்று அழுதோம். பக்கத்துச் சரிவிலிருந்து சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் பேச்சியம்மாள். லெட்சுமி யார் கூடையைத் தூக்கி அப்பால் வைத்தாளோ, அதே பேச்சியம்மாள். வந்தவள் காயத்தைப் பார்க்குமுன் தூரைச் சுற்றிப் பார்த்தாள்.

"எதுக்க யாரு இருந்தது?"

"யாருமில்லீங்க" என்றேன்.

"ஒத்தையிலயா கைய விட்டா? ஏ, கூறுகெட்டவளுகளா! எதுக்க ஒருத்தி இல்லாம யாராச்சும் தூருக்குள்ள கைய விடுவாகளா? எனக்கு எம் முன்னாடி உள்ளதுதான் தெரியும். எங் கைக்குப் பின்னால என்ன கிடக்குன்னு எதுக்க இருக்கிறவளுக்குத்தான்டி தெரியும். அதுக்குத்தான் அன்னைக்கு நான் வந்து உக்காந்தேன்!"

திட்டிக்கொண்டே லெட்சுமியைத் தோளில் சாய்த்து ஜீப் வரைக்கும் இறக்கினாள். ஆசுபத்திரிக்கும் கூடவே வந்தாள். அங்கே சீட்டு எழுதுகிறவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் எது, ரேஷன் கார்டு எங்கே, சிலோனா இந்தியாவா என்று கேட்கத் தொடங்கினார். லெட்சுமி பெஞ்சில் முனகிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கடிச்ச பாம்பு ஊரு கேக்கலீங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். லெட்சுமி பிழைத்தாள். இரண்டு விரல்தான் இன்றும் மடங்குவதில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் பேச்சியம்மாளிடம் நிரை என்றால் என்னவென்று சொன்னேன். நின்று பறிக்கிறது, ஆளுக்கொரு வரிசை, அதில் அடுத்தவள் கை வைக்கக்கூடாது என்று எல்லாம். வாயில் வெற்றிலையோடு கேட்டுக்கொண்டே வந்தவள், "அப்ப கெப்புரு இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "அட நாசமாப் போக, இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நான் கிழக்குச் சரிவுக்குப் போகவில்லை. பேச்சியம்மாள் உட்கார்ந்த தூருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். கங்காணி வந்து எழுப்பினார். எழுந்து, அவர் போனதும் திரும்ப உட்கார்ந்தேன். மறுநாளும் எழுப்பினார், மறுநாளும் உட்கார்ந்தேன். பேச்சியம்மாள், "இருக்கட்டும்யா, எனக்கு எதுக்க ஆள் வேணும்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அவரவருக்கு ஒரு எதிராளியைத் தேடிக்கொண்டார்கள். கப்பல் செட்டு என்று புத்தகத்தில்தான் இருந்தது, மலையில் இல்லை. கடைசியில் புத்தகத்திலும் அடித்துவிட்டு எங்களைப் பெரிய பெரட்டில் சேர்த்தார்கள். நிரந்தரத்தில் பெயர் ஏற்றுவதை மட்டும் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே வந்து, இந்த மாதம் என்று சொல்லியிருந்தார்கள்.

6

இப்போது ராணிக்குத் தனி பெரட்டு என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்க நெருப்புப் போடுகிறவர். புகையில் இருந்து இருந்து பேச்சே குறைந்துவிட்டது. "பேரு ஏறட்டும், பொறகு பாத்துக்கலாம்" என்றார். பெயர் ஏறினால் எங்களுக்குக் கம்பளி உண்டு, மருந்து உண்டு, மழை ஒழுகாத வீடு உண்டு. காய் இல்லாத மாதத்திலும் அடுப்பு எரியும். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

கலாதான் வெடித்தாள்.

"நாம கப்பல்ல வந்தவங்கங்கிறத இப்பதாம்மா எல்லாரும் மறந்திருக்காங்க. நீ எதுக்கு ஞாபகப்படுத்துற?"

"மறக்கல புள்ள. எழுதி வச்சிருக்காங்க. அடுத்து யாரு வந்தாலும் அந்தப் பக்கம் நிறுத்தலாம்னு ஒரு எடத்த வச்சிருக்காங்க. இன்னைக்கு ராணி. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா மறுபடியும் நாம."

"அவங்க வேற, நாம வேற" என்றாள்.

இதைத்தான் மேனேஜரும் சொல்கிறார் என்று அவளிடம் சொன்னேன். அவள் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தைரியசாலி என்று என்னை நினைத்துவிடாதீர்கள். பெயர் ஏறுகிற மாதம் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

7

திங்கட்கிழமை நல்ல பனி. மேனேஜர் ஆபீஸ் படியில் நின்றார், கங்காணி களத்தில் நின்று சொன்னார்.

"பழைய செட்டு இங்கிட்டு. புதுசா கப்பல்ல வந்தவுக அங்கிட்டு, பைப்புகிட்ட."

ராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பைப்புப் பக்கம் நடந்தாள். போ என்றால் போகிறவள், நிற்கச் சொன்னால் நிற்கிறவள். நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தானே. அவள் பின்னால் இன்னொரு குடும்பம். நான் வரிசையை விட்டு நகர்ந்து அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாக்கியம், ஒனக்கு அங்கிட்டு என்ன வேலை?"

"கப்பல்ல வந்தவங்க அந்தப் பக்கம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. நானும் கப்பல்லதான் வந்தேன்."

"ஒன்னையச் சொல்லல. நீ பழைய ஆளு."

"எந்தக் கப்பல் பழசு, எந்தக் கப்பல் புதுசுன்னு எனக்குத் தெரியாதுங்க."

மேனேஜர் படியிலிருந்தே கங்காணியிடம் ஏதோ சொன்னார். கங்காணி குரலைத் தாழ்த்தினார். "பேரு ஏறாது, பாத்துக்க." நான் நகரவில்லை. மடங்காத விரல்களோடு கூடையைப் பிடித்துக்கொண்டு லெட்சுமி வந்து நின்றாள். அப்புறம் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கங்காணிக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, பழைய கப்பல் செட்டு திரும்பக் கிடைத்தது என்று நினைத்திருப்பார்.

அப்போது பேச்சியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள்.

"ஏன்டி பாக்கியம், நீ பாட்டுக்கு அங்க போய் நின்னா எனக்கு எதுக்க யாருடி உக்காருவா? பாம்பு கொத்திச் சாகவா நானு?" என்று திட்டிக்கொண்டே களத்தின் நடுவில் நடந்து வந்தாள்.

"பேச்சி! நீ எந்தக் கப்பல்ல வந்த?" என்று கத்தினார் கங்காணி.

"நான் கப்பல்ல வரல. போடிமெட்டு வழியா ஏறி நடந்து வந்தேன். எங்கப்பன் ஆத்தாவும் அப்படித்தான் வந்தாக. இந்தக் காட்டுல முளைச்சவுக யாருய்யா இங்க இருக்கா? நீரு கம்பத்துக்காரரு. அய்யா படியில நிக்கிறாரே, அவரு கோட்டயத்துக்காரரு. வந்தவுகளத் தனியா நிறுத்தணும்னா மொதல்ல நீங்க ரெண்டு பேரும் இங்கிட்டு வாங்க."

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரித்தவள் நடந்து வந்தாள். அவளுக்கு எதிரே உட்காருகிறவள் பின்னாலேயே வந்தாள். தூருக்கு இரண்டு பேர் என்று பழகிய இடத்தில் ஒருத்தி நகர்ந்தால் இன்னொருத்தி நிற்க முடியாது. கொஞ்ச நேரத்தில் பைப்புப் பக்கம் நிற்க இடமில்லை. பழைய செட்டு நின்ற இடத்தில் கங்காணியும் குடையும் மட்டும் நின்றார்கள். மலையில் காய் வெடிக்கிற பருவம், ஒரு நாள் போனால் தோட்டத்துக்குத்தான் நட்டம். மேனேஜர் எங்களைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். கங்காணி எல்லோர் பெயரையும் ஒரே பக்கத்தில் எழுதினார். ராணிக்கு எதிரே லெட்சுமி உட்கார்ந்தாள்.

கலா பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வேலிக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வந்து, நான் கேட்காமலே தேத்தண்ணிக்குத் தண்ணி எடுத்து வைத்தாள்.

இந்த மாதம் என் பெயர் நிரந்தரத்தில் ஏறவில்லை. அடுத்த மாதமும் ஏறாது என்று கங்காணி சொல்லிவிட்டார். வீடு ஒழுகுகிறது, என் வீட்டுக்காரர் சட்டியை இங்கும் அங்கும் நகர்த்தி வைக்கிறார். எனக்குக் கோபம் இருக்கிறது, வருத்தம் இல்லை.

கப்பலுக்குக் காத்திருக்கிறவர்களே, வரலாமா வேண்டாமா என்று என்னால் சொல்ல முடியாது. அங்கேயும் கஷ்டம், இங்கேயும் கஷ்டம். ஆனால் வந்தால், எந்த ஊரில் இறங்கினாலும் யாராவது ஒருவர் வந்து, நீங்கள் மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்கள் என்று மரியாதையாகத்தான் சொல்வார். நிற்காதீர்கள்.

அட்டன் பாக்கியம்
சாந்தன்பாறைக்கு மேலே